டப்பா திறந்த காசு

வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த வாட்ச்காரரிடம் இருந்த ரோமானியக் காசுகளில் வேறு எது தொலைந்திருந்தாலும் இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார். இது அப்படியில்லை. மூக்கு தேய்ந்த ஏதோ ஒரு ராஜாவின் தலை பதித்த வெள்ளிக்காசு. விளிம்பில் ஒரு நசுங்கல். செத்துப்போன மனைவி, ஸ்பூன் கிடைக்காத அவசரத்தில் இதைக்கொண்டு டப்பா மூடியை நெம்பிய புண்ணியம். "ரெண்டாயிரம் வருஷம் தாங்கிச்சு, உன்கிட்ட ஒருநாள் தாங்கலையே!" என்று அன்றைக்குக் குதித்தார். மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது அந்த நசுங்கல்தான் அவருக்கு அவள்.

போன மாதம் சம்பந்தி, "படம் எடுத்துட்டுத் தந்துடுறேன்" என்று வாங்கிப்போனார்; இன்னும் திரும்பி வரவில்லை. அவரும் காசு சேர்க்கிறவர். பெண்ணையே கொடுத்த இடம், காசு கொடுக்க யோசிப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை காசு சேர்க்கிறவர்கள் சங்கக் கூட்டம். காசுக்குச் சொந்தக்காரர் அதன் கதையைச் சொல்வார். பிறகு காசு கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போகும். சம்பந்தி அந்த வெள்ளிக்காசோடு எழுந்தார்.

"இந்த நசுங்கல் என் வீட்டம்மா கைங்கரியம்! டப்பா திறந்திருக்கா. ரெண்டாயிரம் வருஷம் தாங்கிச்சு, உன்கிட்ட ஒருநாள் தாங்கலையேன்னேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சம்பந்தியம்மாள் வெட்கம் வேறு பட்டாள். அடப்பாவி! காசைத்தான் அமுக்கினாய், ஒருத்தன் பெண்டாட்டியோடு போட்ட சண்டையையுமா அமுக்குவாய்?

காசு வாட்ச்காரர் கைக்கு வந்தது. கட்டைவிரல் நசுங்கலைத் தொட்டதும் கை தானாக மூடிக்கொண்டது.

"அப்பா, அடுத்தவருக்குக் கொடுங்க" என்றாள் பக்கத்திலிருந்த மகள், மெதுவாக.

"இந்தப் பேச்சு நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் சொன்னேன். காசையும் அப்பா உங்களையே வச்சுக்கச் சொன்னார்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"அது உங்க அம்மாடி!"

"அம்மா போயிட்டாங்கப்பா. நான் அந்த வீட்ல இருந்தாகணும்."

அடுத்த நாற்காலிக்காரர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். வாட்ச்காரர் கொடுத்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "உங்க சம்பந்தியம்மா பலே ஆளுதான் சார்!"

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார் வாட்ச்காரர். "பலே ஆளுதான்."