இரண்டு தட்டினால் மஞ்சள்

காலை எட்டு மணிக்கு எம்லின் கணப்பருகே குனிந்து, கரி கிளறும் கம்பியால் பின்சுவரில் ஒரு தட்டு தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு விண்டமும் ஒரு தட்டு தட்டினார். ஒன்று என்றால் பச்சை. பச்சை என்றால் மூச்சு எப்போதும் போல இருக்கிறது, கவலையில்லை என்று அர்த்தம்.

எம்லின் தட்டியது பச்சைப் பொய். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்கினார். சளி நிறம் மாறிவிட்டது. தினமும் ஒரே நடையில் போகும் புறாக்கூண்டுக்கு இன்று துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்று போனார். புறாக்களுக்கே பொறுமை போய்விட்டது.

என்ன செய்ய வேண்டும் என்பது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. நர்ஸ் நெரிஸ் அவர் கூடவே உட்கார்ந்து எழுதிய தாள் அது. மூன்று நிறம். மஞ்சள்: சளி நிறம் மாறி, மூச்சும் அதிகமாக வாங்கினால், வீட்டில் வைத்திருக்கும் மாத்திரைப் பையைப் பிரித்து ஆரம்பியுங்கள், அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள். சிவப்பு: ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால், உதடு நீலமானால், யோசிக்காமல் 999 அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விண்டம் வீட்டிலும் இதே தாள்தான். மண்ணுக்கடியில் சரிந்த கரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவான். அந்தப் பழக்கத்தில் நிறங்களைத் தட்டுகளாக்கியவர் விண்டம்: பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. பதினாறு வருடம் சுரங்கத்தில் ஒரே முகப்பில் கரி வெட்டி, ஒரே தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்ட கூட்டாளிகள்.

"சளி மஞ்சளாயிட்டுதுல்ல? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றபடி எலுனெட் அலமாரியிலிருந்து மாத்திரைப் பையை எடுத்தாள். கல்யாணம் ஆன ஐம்பது வருடத்தில் அவள் கண்ணில் அவர் மண்ணைத் தூவியதே இல்லை. எண்ணிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "நாளைக்கு ஆறு, அஞ்சு நாளைக்கு முப்பது. பதினஞ்சுதான் இருக்கு. எலி தின்னுச்சா?"

"எலி இல்ல. விண்டம்."

விண்டம் தன் பையைக் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே தின்று தீர்த்துவிட்டார். புதிதாகக் கேட்கப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்பார். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு இந்தப் பாழாய்ப்போன கூச்சம் உண்டு. மூன்று வாரம் முன்பு அவர் இருமுவது சுவர் வழியாகக் கேட்டது. எம்லின் எண்ணிப் பாதியைக் கொடுத்துவிட்டார். சுரங்கத்தில் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த கை.

"அது என்ன ஒன் சாப்பாட்டு டப்பாவா, ஆளுக்குப் பாதி பிட்டுத் திங்க?" எலுனெட் எகிறினாள். "அஞ்சு நாள் மருந்த ரெண்டரை நாள் தின்னா ரெண்டு பேருக்கும் பிரயோஜனமில்ல. நெரிஸுக்குப் போனப் போடு."

"என்னன்னு சொல்ல? கூட்டாளியக் காட்டிக் குடுக்கவா?"

"அவன் கேட்டானா, நீ குடுத்தியான்னு யாரு அழுதா? ஒனக்கு மூச்சு வேணுமா, மானம் வேணுமா?"

எம்லின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். தான் இரண்டு தட்டினால் விண்டம் உடனே மிச்சமிருக்கும் மாத்திரையைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பான் என்ற பயம்.

எலுனெட் கம்பியைப் பிடுங்கினாள். சுவரில் ஓங்கி இரண்டு தட்டினாள்.

"இதான் நிஜம். அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "கள்ளன், அவனுக்கும் மஞ்சள்தான்," என்று எலுனெட் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவதும் கேட்டது. நகத்தால் தட்டியது போல அவ்வளவு மெல்ல.

அவள் விண்டம் வீட்டுப் பின்வாசல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். எம்லின் போனை எடுத்து மூன்று ஒன்பதையும் அழுத்தினார். முகவரி, வயது, தூசி நெஞ்சு, எல்லாம் சொன்னார். "மாத்திரைய... நான்தான் பாதி குடுத்தேன்மா. தப்பு என்னுது," என்றார். இதுவரை எந்த மேஸ்திரியிடமும் அவர் இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

"ஒங்களுக்கும் மூச்சு வாங்குதே ஐயா?" என்றாள் போனில் பேசிய பெண்.

"ஆமா. நான் மஞ்சள். அவன மொதல்ல பாருங்க."

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்து வீடு போய்ச் சேர்ந்தபோது, விண்டம் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் நீலம். கடிகாரத்துக்குக் கீழே ஒரு காகித உறை, அதன்மேல் எம்லின் பெயர். உள்ளே பதினைந்து மாத்திரை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏன்டா திங்கல?"

"ஒனக்கு... வேணும்னு... வெச்சேன்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. எம்லினுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "மடையா, தெனம் ஒரு தட்டுத் தட்டுனியேடா," என்றார்.

"நீயும்... தான."

எம்லின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெரிஸ் சொல்லிக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். விண்டமும் அவரைப் பார்த்து ஊதினார். வண்டி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே ஊதிக்கொண்டிருந்தார்கள்.

விண்டத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இரவுக்குள் உதட்டில் நிறம் திரும்பியதாகச் செய்தி வந்தது. நெரிஸ் போனிலேயே எம்லினை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு முழுப் பை ஒன்று அனுப்பினாள், உள்ளே ஒரு சீட்டு: "ஒரு ஆளுக்கு ஒரு பை. விண்டத்துக்கு வேண்டியதை விண்டத்திடமே கொடுப்பேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு எம்லின் ஆறு மாத்திரையை விழுங்கிவிட்டு, கணப்பருகே குனிந்து, சுவரில் இரண்டு தட்டு தட்டினார்.

"அங்க யாருமில்லயே, யாருக்குத் தட்டுற?" என்றாள் எலுனெட்.

"இருந்துட்டுப் போகட்டும். பொய் கேட்டுக் கேட்டு இந்தச் செவுருக்கும் பழகிப்போச்சு. அவன் வர்றதுக்குள்ள நான் நிஜத்தத் தட்டப் பழகிக்கணும்ல."