கருட சேவையன்று திறந்த கேட்

கிருபாவதி பேச்சில் கெட்டிக்காரி இல்லை. சின்ன காஞ்சிபுரம் போகிற சாலையில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தாள். பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வருகிற பெண்களிடம் அளவு வாங்கி, குனிந்த தலை நிமிராமல் தைத்துக் கொடுப்பாள். அவள் கிறிஸ்தவள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது. "ஆண்டவரே, நான் இந்த ஊர்ல இருக்கிறதால நாலு பேருக்காவது உம்ம அன்பு தெரியணும்" என்று தினமும் ஜெபிப்பாள். ஆனால் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசலாமென்று வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைக்குச் சற்றுத் தள்ளி அவளுடைய சபை. வைகாசித் திருவிழாவுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் போதகர் ஆரோன் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"நம்ம விசுவாசம் இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்குது. ஊருக்கு நாம என்ன பண்ணலாம், சொல்லுங்க."

சபைச் செயலர் ராமராஜன் எழுந்தார். கருட சேவைக்குக் கூட்டம் அலைமோதும், சபை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம் என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

கிருபாவதிக்கோ போன வருஷம் கடை வாசலில் நின்று பார்த்தது கண்ணுக்குள் வந்தது. கருடன்மேல் வரும் பெருமாளைச் சேவிக்க முந்தின இரவே கிராமத்துப் பெண்கள் வந்து காத்திருந்தார்கள். ஒதுங்க இடமில்லாமல், நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் ஒருத்தி முந்தானையை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி கூனிக் குறுகி உட்கார்ந்தாள்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "பாஸ்டர்... அன்னிக்கு நம்ம பாத்ரூமைத் திறந்து விடலாமே. பொம்பளைங்களுக்கு."

சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது. ராமராஜனின் முகம் சுண்டிப்போயிற்று. சபைக்குப் பின்னால் புது டைல்ஸ் பதித்துக் கழிப்பறை கட்ட அலையாய் அலைந்தவர் அவர்தான். "ஏம்மா, ஊர் ஜனம் மொத்தமும் உள்ள வந்தா என்னாவுறது? யார் கழுவுறது?"

"நான் கழுவுறேண்ணா."

போதகர் தலையசைத்தார். "சரி சிஸ்டர். தண்ணி லாரிக்கு நான் சொல்லிடறேன். பிரசுரத்தை அங்கயே கொடுத்துடலாமா?"

"வேணாம் பாஸ்டர். அவசரமா ஓடி வர்றவங்க கையில எதையும் திணிக்கக் கூடாது."

திருவிழா அன்று விடிவதற்கு முன்பே கிருபாவதி கேட்டை அகலத் திறந்து, வாளிகளை நிரப்பி வைத்தாள். 'பெண்களுக்குக் கழிப்பறை வசதி' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். ஒருவரும் வரவில்லை. அட்டையைப் படிப்பார்கள், மேலே சிலுவையைப் பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். கூவிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. பெருக்குமாற்றோடு அப்படியே நின்றாள்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தாள். கைத்தாங்கலாக நிறைமாத மருமகள், அவள் முகமெல்லாம் வியர்வை. சன்னதித் தெருவில் பலருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த வைதேஹி டீச்சர் அவள்.

"உள்ளே போலாமோன்னோ?"

"வாங்கம்மா, வாங்க" என்று கிருபாவதி மருமகளைத் தோளில் தாங்கி அழைத்துப் போனாள்.

மருமகள் வெளியே வந்ததும் அவளைப் படியில் உட்காரவைத்த வைதேஹி, உடனே கூட்டத்துக்குள் போகவில்லை. கேட்டருகே நின்று, வகுப்பறைக் குரலில், "என்ன தயக்கம்? சுத்தமா இருக்கு, எல்லாரும் வரிசையா வாங்கோ!" என்றாள். அவ்வளவுதான். வரிசை சாலைவரை நீண்டது.

வெயில் ஏற ஏற லாரித் தண்ணீரும் தீர்ந்தது. கிருபாவதி கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு குடங்களைச் சுமந்துகொண்டு வந்தார் ராமராஜன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "பார்த்துக்கினு நிக்காதம்மா, வழி விடு" என்றார்.

கூரம் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் முகம் கழுவிய பின்னும் போகாமல் நின்றாள். "எம் பையன் குடிச்சே அழியறான்மா. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லேன்."

கிருபாவதி பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பையனின் பெயரைக் கேட்டு, கண்ணை மூடி, அவனுக்காக மன்றாடினாள். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தி, "மனசு லேசாச்சு" என்று கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அதன் பிறகு அளவு கொடுக்க வருகிறவர்கள், பெண்ணுக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன் என்று சொல்லி, வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். கிருபாவதி மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே ஜெபிப்பாள். யாரும் சபையில் சேர்ந்துவிடவில்லை. அதை அவள் கணக்குப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வைகாசியில் வைதேஹி, எதிர்ப்பக்கக் கல்யாண மண்டபக்காரர் கலியாணசுந்தரத்தைப் போய்ப் பார்த்தாள். அவரும் மண்டபத்துக் கழிப்பறைகளைத் திறந்துவிடச் சம்மதித்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் அவர் தையல் கடைக்கே வந்து, "பிளீச்சிங் பவுடர் எவ்ளோ வேணும், எத்தினி ஆள் வேணும், சொல்லும்மா" என்று கேட்டபோது கிருபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் திருவிழாவில் வேலை பாதியாகக் குறைந்தது. பெருமாள் வரும் நேரத்தில் அவளும் ராமராஜனும் சபைப் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். குடைகள் அசைந்து அசைந்து வந்தன. கைகூப்பி நின்ற பெண்களின் முகங்களை அவள் பார்த்தாள். ஒருத்தி முகத்திலும் அவஸ்தை இல்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மெல்லச் சொல்லி, மிச்ச டீயைக் குடித்தாள்.