ஐந்து கியருக்கு இரண்டு மயில்

மேரிசெல்வியின் பிக்கப் வண்டிக்கு அவளைவிட வயது அதிகம். ஆரோவில்லில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ஜீப் பிக்கப் அது. கோழிகள் அடைந்துகிடந்த அதைக் கழுவித் துடைத்து மரக்காணத்துக்கு ஓட்டிவந்தவள் அவள்தான். உப்பளத்தில் கட்டிவைத்த மூட்டைகளை ரோட்டில் நிற்கும் லாரிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில்.

எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. கியர் பாக்ஸ்தான் படுத்தியது. இருந்ததே மூன்று கியர். அதில் இரண்டாவது கியர், மேடு ஏறும்போது தானாகக் கழன்று வந்துவிடும். ரிவர்ஸ் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வட்டமடித்து வெளியே வர இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவாள்.

இடையஞ்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று கணக்கு தப்பிவிட்டது. வண்டி முட்டுச்சந்தில் போய் நின்றது. பந்தியில் இருந்தவர்கள் கை கழுவிக்கொண்டு வந்து பின்னால் தள்ளினார்கள். மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தான். வீடியோக்காரர் விடுவாரா? கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதைவிட அந்தக் காட்சிதான் நீளமாக வந்திருந்தது.

அதைப் பார்த்து அதிகம் சிரித்தவன் அவள் கணவன் ஜான்சன். அவன் வெல்டர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தான். வண்டி எதுவும் ஓட்டத் தெரியாது, சைக்கிளோடு சரி.

"சிரிச்சது போதும். வேற கியர் பாக்ஸ் போட்டாகணும்," என்றாள் மேரிசெல்வி.

"இந்தக் கிழவிக்கு கியர் பாக்ஸ் எந்தக் கடையில கிடைக்கும்?"

"இதோடது கிடைக்கலைன்னா இப்ப ஓடுற வண்டியோடதைப் போடுறது. அளவு சேரலைன்னா சேர்த்து வையுங்க. ஊரு இரும்பையெல்லாம் ஒட்டவைக்கிறீங்க, இதை ஒட்டவைக்க மாட்டீங்களா?"

வானூரில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் சடையப்பனிடம் போனார்கள். புளியமரத்தில் மோதி முகம் நசுங்கிய மினி லாரி ஒன்று அவரிடம் கிடந்தது. கிட்டத்தட்ட புது வண்டி. அதன் கியர் பாக்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. ஐந்து கியர், ஒரு ரிவர்ஸ். மேரிசெல்வி அதைத் தடவிப் பார்த்தாள். கையில் அவ்வளவு பணம் இல்லை என்பது அவள் தடவியதிலேயே சடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்பா ஜான்சா, நீ கேட்டு செய்யுறவன்தானே? நான் புது வீடு கட்டிகிட்டு இருக்கேன். வாசலுக்கு ஒரு கேட்டு போட்டுக் குடு. இரும்பு என்னோடது, கூலிக்கு இதைத் தூக்கிகிட்டுப் போ."

ஜான்சன் தலையாட்டினான். அப்போது சடையப்பனின் மனைவி தையல்நாயகி காப்பியோடு வந்தாள். "கேட்டுல ஒரு மயில் இருக்கட்டும், தம்பி," என்றாள். ஒரு மயில்தானே என்று அதற்கும் தலையாட்டினான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழையதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கதை தெரிந்தது. ஜீப்பின் எஞ்சினில் போல்ட் ஓட்டைகள் ஓரிடத்தில், புதுப் பெட்டியில் வேறிடத்தில். நடுவில் கொடுக்க ஜான்சன் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி துளை போட்டான். அது பொருந்தியது. ஆனால் கிளட்ச் தட்டு பொருந்தவில்லை. மறுபடி வானூர்.

"கிளட்ச் தட்டா? எடுத்துக்க," என்றார் சடையப்பன். உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது: "தம்பி, ஒத்தை மயில் நல்லாயிருக்காதாம். ஜோடியா வையுங்க."

அடுத்து, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு நீளமாகிப்போனது. அதை வெட்டிக் குறைக்க லேத்து பட்டறை ஒன்றைச் சடையப்பன் காட்டினார். அதற்குக் கேட்டில் ஒரு தாமரை. கியர் பாக்ஸைத் தாங்கும் ரப்பருக்கு, கேட்டின் உச்சியில் ஒரு சூரியன். ஜான்சன் பகலில் மயிலுக்கு இறகு வளைத்தான், மாலையில் வண்டிக்கு அடியில் படுத்தான். கடைசியாக எல்லா போல்ட்டும் இறுகியபோது கேட் தேர் மாதிரி ஆகியிருந்தது. மறுநாள் காலையில் சடையப்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

மேரிசெல்வி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கியர் கம்பியைத் தேடினாள். இல்லை.

"எங்கங்க?"

"பின்னாடி பாரு."

புதுப் பெட்டி நீளம். நடுவில் கொடுத்த தகடு அதை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. கியர் கம்பி சீட்டுக்குப் பின்னால், நட்டுவைத்த குச்சி போல் நின்றது. அவள் இடது கையைப் பின்னால் முறுக்கிப் பார்த்தாள். விரல்நுனிகூடப் படவில்லை.

"அளந்துதானே செஞ்சீங்க?"

"எஞ்சினுக்கு அளந்தேன். உன் கைக்கு அளக்கலை."

"ஓட்டுறது யாருன்னு தெரியாதா?"

"வளைச்சுக் குடுக்கிறேன். கழட்டி மாட்ட நாளாகும்."

"நாளைக்கு அவங்க வூட்டுக்குள்ள போறாங்க. வாசல்ல கேட்டு இல்லாமலா?"

வேறு வண்டி பிடிக்கலாமே என்று அவன் சொன்னதும் அவளுக்குக் கோபம் முழுதாக வந்துவிட்டது. இந்த வண்டிக்குச் செய்த கேட் இந்த வண்டியில்தான் போகும் என்றாள். வேறு வழியில்லாமல் அவன் கேட்டைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு இடது பக்கம் ஏறி, கதவுக்கு முதுகைக் கொடுத்து அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் அவன் வலது கைக்குக் கம்பி எட்டியது. கிளட்ச் அவள் காலில், கியர் அவன் கையில்.

இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. ஆனால் பேசாமல் அந்த வண்டி நகராது.

"முதல் கியர் கேட்குது வண்டி," என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி.

"வண்டிகிட்ட போட்டாச்சுன்னு சொல்லு," என்றான் அவன்.

போட்டது மூன்றாவது. வண்டி குலுங்கி அணைந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த திரௌபதி நிமிர்ந்து பார்த்து, "இன்னா மேரி, கேட்டைக் கட்டிகிட்டு ஊர்வலமா?" என்று கத்தினாள்.

ஈசிஆர் சாலையில் ஏறும்வரை இப்படித்தான். அவள் கிளட்சை மிதிக்குமுன் அவன் இழுப்பான்; பல் கடிக்கிற சத்தம் கேட்கும். அவள் மிதித்துக்கொண்டு காத்திருக்கும்போது அவன் பேருந்தில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் ரோடு நீண்டதும் அவனுக்கு எஞ்சின் சத்தம் பிடிபட ஆரம்பித்தது. எப்போது திணறுகிறது, எப்போது அலறுகிறது என்று காதிலேயே தெரிந்தது. கிளட்சை மிதிக்க அவள் கால் தூக்கும்போதே அவன் கை போனது. நான்கு போட்டான். பிறகு ஐந்து. அந்த எஞ்சின் பிறந்ததிலிருந்து அறியாத ஒரு நிம்மதியில் முனகிக்கொண்டு ஓடியது. வெற்று உப்பு லாரி ஒன்றை முந்தியபோது மேரிசெல்வியின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சடையப்பன் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஆட்கள் சேர்ந்து கேட்டை இறக்கி, இரண்டு கதவுகளையும் தூணில் மாட்டினார்கள். தையல்நாயகி நாலடி தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகம் வாடியது.

"ஏன் தம்பி, ரெண்டு மயிலும் சண்டை போட்டுகிட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிக்குதே?"

ஜான்சன் நிமிர்ந்து பார்த்தான். உண்மைதான். ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் தரையில் போட்டுச் செய்தவன், ஜோடி சேர்த்துப் பார்க்கவே இல்லை. இடது மயில் இடது தூணையும் வலது மயில் வலது தூணையும் முறைத்துக்கொண்டிருந்தன. இடம் மாற்றி மாட்டலாமா என்று மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். கீலோடு திருப்பினால் மறுபடியும் அதே முறைப்புதான் வரும். சொந்தக்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றான்.

மேரிசெல்வி முன்னால் போனாள். தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவுகளையும் உள்பக்கமாக விரியத் தள்ளினாள்.

"இப்ப பாருங்க அக்கா, தெருவுல நின்னு."

தையல்நாயகி தெருவில் போய் நின்றாள். திறந்த கதவுகளில் இரண்டு மயில்களும் தெருவைப் பார்த்து, வருகிறவர்களை எதிர்கொள்வதுபோல் நின்றன.

"நாளைக்கு விசேஷம். கேட்டை மூடியா வைக்கப்போறீங்க? வர்றவங்களை ரெண்டும் வாங்கன்னு கூப்புட வேணாமா? ஒண்ணையொண்ணு பார்த்த மாதிரி செஞ்சிருந்தா, வர்றவங்களுக்கு வாலைத்தான் காட்டும்."

தையல்நாயகி கதவைத் தானே மூடினாள், திறந்தாள், மறுபடி மூடித் திறந்தாள். பிறகு சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தெருவுக்கு அழைத்துப்போய் நிறுத்திக் காட்டினாள். "தம்பி யோசிச்சு செஞ்சிருக்குது," என்றாள். சடையப்பன் மட்டும் ஜான்சனை ஓரக்கண்ணால் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

திரும்பும்போது வண்டியில் ஒரு கூடை பலகாரம் இருந்தது. கொஞ்ச தூரம் போனபிறகு ஜான்சன், "மயிலு விஷயம் உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றான்.

"தோணலை. நீங்க நின்ன நெலையைப் பார்த்தா பாவமா இருந்துச்சு, கேட்டைத் தொறந்துகிட்டு ஓடிடலாம்னுதான் தள்ளினேன்."

அவன் சிரித்த சிரிப்பில் கை நழுவி, நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தது. பலகாரக் கூடை கவிழ்ந்து அதிரசம் அவள் மடியில் கொட்டியது. "வண்டியைப் பாருங்க!" என்று கத்தினாள். பிறகு மடியிலிருந்து ஒன்றை எடுத்து அவனுக்கு ஊட்டினாள். கையெல்லாம் கிரீஸ் அவனுக்கு.

அந்த வாரமே அவன் கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைத்து, அவள் கை தானாகப் போய் விழும் இடத்துக்குக் கொண்டுவந்தான். அவள் தனியாக ஓட்டினாள். ஜான்சன் பட்டறையில் நின்றபடி ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, "மூணு போடு, மூணு போடுடா," என்று தனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். கடைக்கு வந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும் மேரிசெல்வி சாவியை அவன் கையில் வைத்தாள். உப்பளத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மைதானத்தில் அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். கியர் எல்லாம் மனப்பாடம். கால்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. வண்டி தவளைபோல் எகிறி எகிறிப் போய், வரப்பைத் தாண்டி முன்சக்கரத்தைப் பாத்தியில் இறக்கி நின்றது. தெறித்த உப்புத் தண்ணீர் அவன் கணுக்காலை நனைத்தது.

"பயந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"இல்ல," என்றான் ஜான்சன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நீ எறங்கித் தள்ளு. நான் ஓட்டுறேன்."