முன்வரிசை, நட்ட நடு

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பல்கலைக்கழகத்தின் கீழ்த்தள அரங்கில் மண்ணியல் வகுப்பும், அதற்கு நேர் மேலிருந்த அரங்கில் பொருளியல் வகுப்பும் தொடங்கின.

அவன் பொருளியல் மாணவன். மாடியேற வேண்டியவன், கூட்டம் தள்ளிய திசையில் கீழே இறங்கிவிட்டான்.

“இங்க இடம் கிடைச்சதே பெரிசு. பின்னாடி போய் ஒளிஞ்சுக்காத. முன்னாடி உக்காரு, கேள்வி கேளு,” என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். சொல் தட்டாத தம்பி முன்வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்தான். பேராசிரியர் களிமண்ணில் ஆரம்பித்தார். நிலமும் உற்பத்திக் காரணிதானே, அடியிலிருந்து தொடங்குகிறார் என்று புரிந்துகொண்டு தன் கூர்மையைத் தானே மெச்சிக்கொண்டான். பேச்சு மண்புழுவுக்கு வந்தபோதுதான் அரங்கு மாறி உட்கார்ந்திருப்பது உறைத்தது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் வரிசையே முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும். பேராசிரியர் பேச்சை நிறுத்திப் பார்ப்பார். அந்த அவமானத்துக்கு மண்புழுவே மேல். உட்கார்ந்தது உட்கார்ந்தோம், அக்கா சொன்ன மிச்சத்தையும் செய்துவிடுவோம் என்று கையைத் தூக்கினான்.

“மழை பெஞ்சா மண்புழு ஏன் மேல வருது, மேடம்?”

“நல்ல கேள்வி,” என்றார் பேராசிரியர். “யாராவது கேப்பாங்களான்னு வருஷா வருஷம் பாக்கறேன்.”

அவன் படித்த பள்ளியில் ஒரு வாத்தியாரும் அவனையும் ‘நல்ல’ என்ற சொல்லையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்ததில்லை. அடுத்த வாரமும் கீழேயே இறங்கினான். பொருளியலைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். புத்தகம் உறை பிரிக்காமல் கட்டிலடியில் இருந்தது.

விடுதி அறைத்தோழனுக்குக் கண்ணாடி என்று பெயர் விழுந்திருந்தது. அவனும் பொருளியல்.

“உன்னை கிளாஸ்ல ஒரு நாள்கூட பாக்கலையே?”

“முன்னாடி உக்காந்திருப்பேன்.”

“நானும் முன்னாடிதான்டா உக்கார்றேன்.”

உண்மையைச் சொன்னான். கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்து முடித்தான். “ஃபெயிலானா ரூமக் காலி பண்ணணும். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. முதல் பருவத்தில் தவறியவனுக்கு விடுதியில் இடமில்லை. அப்புறம் அக்கா வீட்டு முன்னறைதான் கதி, மாமாவின் குறட்டை இலவசம்.

“அடுத்த வாரம் மாடிக்கு வந்துடறேன்டா.”

அடுத்த வாரம் பேராசிரியர் அவனைப் பார்த்து, “போன தடவை எங்க விட்டோம்?” என்றார். அவனைத் தவிர யாருக்கும் நினைவில்லை. அப்படிப்பட்ட வகுப்பை அநாதையாக விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

கடைசி வகுப்பன்று பேராசிரியர் அவனை நிறுத்தினார். “உங்க விடைத்தாளத் தேடிப் படிக்கணும். பதிவு எண் சொல்லுங்க.”

“நான் பொருளியல், மேடம்.”

“அப்ப இங்க?”

“எழுந்து போக வெக்கமா இருந்துச்சு.”

“ஒரு பருவம் முழுசாவா?”

பொருளியல் தேர்வில் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பக்கம் பக்கமாக எழுதினான், மண்புழு உட்பட. மற்றவற்றுக்கு எண் மட்டும் போட்டான்.

முடிவு வந்த அன்று அக்கா தொலைபேசியில் கேட்டாள்.

“முன்னாடி உக்காந்தியா?”

“ஆமாக்கா.”

“கேள்வி கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“அப்புறம் எப்படிடா போச்சு?”

ஜனவரியில் அறையைக் காலிசெய்து அக்கா வீட்டு முன்னறைக்குப் போனான். பொருளியலைத் திரும்ப எடுத்தான். மாடி அரங்கில், கதவை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தான்.