எலுமிச்சைக்கு மஞ்சள் துண்டு

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ் அகராதி கடைசி எழுத்துகளை எட்டியிருந்தது. 'வாஃப்ட்' என்ற வினைச்சொல் அகராதிக்காரர் பங்குக்கு விழுந்தது. 'மணம் காற்றில் மெல்ல மிதந்து வருதல்' என்று பொருள் எழுதிவிட்டார். எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் வண்டி நின்றது. 'பூக்களின் மணம் மிதந்து வந்தது' என்று எழுதிக் கொடுத்ததை, அகராதியைப் பதிப்பிக்கும் ஆசிரியரம்மா திருப்பிக் கொடுத்தார்.

"எல்லா அகராதியிலயும் இருக்கறதுதான் சார் இது. படிச்சா மணக்கவே இல்ல. உங்க மூக்கு என்ன, லீவுல போயிருக்கா?"

அவர் சிரித்து வைத்தார். விளையாட்டாய்ச் சொன்னாலும் அது மெய். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிப்போயிருந்தது. "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று மருத்துவர் ஜோசியர் மாதிரிச் சொல்லி அனுப்பினார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே கூடாது என்றிருந்தார்.

மனைவி சோப்புப் பட்டறையில் வாசனை கலப்பவள். நாளுக்கொரு வாசனை. மாலையில் அவள் மாடிப்படி ஏறும்போதே உள்ளேயிருந்து அவர், "எலுமிச்சை வருதே" என்பார். "மூக்கா அது, வேட்டை நாயா?" என்று கேட்டபடி அவள் செருப்பைக் கழற்றுவாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு அதுதான் விளக்கு.

காய்ச்சலுக்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பட்டறையில் ஒரு வாசனை இன்னொன்றில் ஏறிவிடாமலிருக்க, கை துடைக்க வாசனைக்கொரு நிறத் துண்டு வைத்திருந்தார்கள். எலுமிச்சைக்கு மஞ்சள், புதினாவுக்குப் பச்சை, ரோஜாவுக்கு இளஞ்சிவப்பு. இப்போதெல்லாம் அந்தத் துண்டு அவள் தோளிலேயே வந்தது. கதவு திறந்ததும் அதைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனாலும் திருடித் தின்றவன் போல நெஞ்சு குறுகுறுக்கும். தனியாயிருக்கையில் சோப்பை மூக்கோடு அழுத்திப் பார்ப்பார். கல்லை முகர்ந்தாற்போல இருக்கும். பக்கத்திலேயே படுத்திருக்கும் மனைவி எங்கோ தூரதேசம் போய்விட்டது போல ஏங்குவார்.

வாக்கியம் திரும்பி வந்த அன்று மாலை மழை. குடை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். கைகழுவும் இடத்தில் ஆணிகளில் நிறநிறமாய்த் துண்டுகள் தொங்கின. மனைவியோடு வேலை பார்க்கும், 'சிட்டு' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் அவரைப் பார்த்துவிட்டாள்.

"வாங்கண்ணே. அக்கா உள்ள கை கழுவுது."

"நீங்கள்லாம் துண்ட இங்கயே விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"பின்ன? துண்டோட போனா வாசல்ல காவக்காரரு பிடுங்கிடுவாரு. அக்காவுக்கு மட்டும்தான் சூப்பர்வைசர் விட்டுக்கொடுத்திருக்காரு. 'எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு வேலை செய்யல, கலரைப் பாத்தாவது சொல்லட்டும்'னு கேட்டுச்சு. அதுக்குப் பதிலா வாராவாரம் எங்க எல்லாத் துண்டையும் அதுவே துவைக்குது." அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

மனைவி பச்சைத் துண்டோடு வந்தாள். ஒரே குடையில் நடந்தார்கள். வீட்டுப் படியருகே அவர் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் மணக்கலம்மா. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே."

"தெரியும்."

"எப்பயிலருந்து?"

"பால் கருகுது, நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. அன்னிக்கே."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்ற வரைக்கும் எப்படிக் கேக்கறது? புண்ணைத் தோண்டற மாதிரி இருக்காதா?" துண்டை மடித்துப் பையில் வைத்தாள். "பாவம், வேட்டை நாய்க்கு ஒரு எலும்பாவது போடலாம்னுதான்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஆண்டவன் ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லை. யாருடைய கையையாவது வைத்து மூடுகிறான்.

மறுநாள் ஆசிரியரம்மாவிடம் வேறு வாக்கியம் போயிற்று: 'அவள் படியேறுவதற்குள் அவள் கையிலிருந்த எலுமிச்சை மணம் மிதந்து வந்து கதவைத் தட்டியது.'

"இப்ப மணக்குது சார்" என்றார் ஆசிரியரம்மா.

அவருக்கு மணக்கவில்லை. அன்று மாலை அவர் கதவைத் திறந்து வைத்து மாடிப்படியின் மேல்முனையில் நின்றார். மூச்சை மெல்ல உள்ளே இழுத்தார். வெறும் ஈரக்காற்று. கீழே செருப்புச் சத்தம் கேட்டது. துண்டில்லாத தோளோடு அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ரோஜா வருது" என்று அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"வரட்டும்" என்றார் அவர். இன்னொரு முறை மூச்சை இழுத்துக்கொண்டு, அவளுக்காக இரண்டு படி இறங்கினார்.