அடைப்புக்குறி இல்லாத பாடம்

ரூபன் ஒரு பத்தியைப் படித்து முடித்துக் கண்ணை மூடினான். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு கண்ணைத் திறந்து அடுத்த பத்திக்குப் போனான்.

"பத்தி முடிஞ்சதும் என்ன பண்ணச் சொன்னேன்?" என்றாள் அன்புக்கரசி.

"நிறுத்தி யோசிக்கோணும்னீங்க டீச்சர்."

"யோசிச்சியா?"

"பத்து வரைக்கும் எண்ணுனனுங்க."

மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் இத்தனை நாளாக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், மில் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடக்கும் மாலை வகுப்பு அது. பதினொரு பேர். அன்புக்கரசி ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். தினமும் வகுப்பு முடிந்ததும் யார் என்ன படித்தார்கள், எங்கே தடுமாறினார்கள், தான் என்ன கேட்டாள் என்று நோட்டில் எழுதி வைப்பாள். ஜூலையில் எழுதிய ஒரு வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: 'எல்லோரும் சரளமாகப் படிக்கிறார்கள். ஒருவருக்கும் கதை தெரியவில்லை.'

காரணம் அடைப்புக்குறி. பள்ளியில் பாடம் தொடங்கும் அன்றே, மூன்றாம் கேள்விக்கு இங்கிருந்து இதுவரை என்று வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் பென்சிலால் குறி போட்டு ஓரத்தில் கேள்வி எண்ணை எழுதிக்கொள்வார்கள். பிறகு அந்த வரிகளை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள்கூட, குறி போட்ட புத்தகமா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். குறிக்கு வெளியே இருக்கும் பாடம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் பதினொரு புத்தகங்களிலும் ரப்பரால் அழிக்க வைத்தாள்; பிறகு பள்ளியில் புதிதாகப் போட்டு வந்த குறிகளையும். தலைப்பைப் பார்த்து ஊகிக்கச் சொன்னாள். பத்திக்குப் பத்தி நின்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொன்னாள். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, கதையைத் தங்கள் வாய்ப்பேச்சில் சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக இதே பேச்சு. தொண்டை கட்டியதுதான் மிச்சமோ என்று சில நாள் தோன்றும். தனக்குச் சொல்லித்தர வரவில்லையோ என்று பல நாள் தோன்றும்.

அன்றைக்கு ஆறே கால் மணிக்கு கனகம் படியேறி வந்தாள். நான்காவது படிக்கும் புவனாவின் அம்மா. மில்லில் நூலைக் கோனில் சுற்றும் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் புவனாவின் அரைப்பரீட்சைத் தமிழ் விடைத்தாள்.

"ஏனுங்க டீச்சர், காலாண்டுல எம்பத்தாறு. இப்ப நாப்பத்தொண்ணு. என்னத்தப் பண்ணிப்போட்டீங்க என்ற புள்ளைய?"

அன்புக்கரசி வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "எங்கண்ணன் பாத்துப்போட்டுக் குதியா குதிக்குது. முழுப்பரீட்சையிலயும் இப்பிடியே இருந்தா, காங்கேயத்துக்கே கூட்டிட்டுப் போயிருவேங்குது. இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."

அந்தக் கதை வகுப்புக்கே தெரியும். புருஷன் போன பிறகு, ஷிப்டு வேலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போன வருடம் காங்கேயத்தில் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். இருபதாம் நாள் புவனா தனியாக பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். கனகம் இராத்திரி முழுக்க அழுதுவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் விட்டு வந்தாள். மறுபடி அழைத்து வர மே மாதம் ஆனது.

அன்புக்கரசி விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். பல விடைகள் அடிபட்டிருந்தன; ஒன்றில் நின்றாள். கந்தப்பன் தன் மகளுக்குச் சீராகக் கொடுத்த பசு, மூன்றாம் நாள் இரவு தானாகவே நடந்து வீடு திரும்பும் பாடம். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கந்தப்பன் ஏன் அழுதார் என்பது கேள்வி. 'பசு திரும்பி வந்த மகிழ்ச்சியால் கந்தப்பன் அழுதார்' என்ற வரி புத்தகத்தில் இருக்கிறது. புவனா வேறொன்று எழுதியிருந்தாள். குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில், 'பாடத்தில் இல்லை'.

"என்ன எழுதியிருக்குதுங்க?" என்றாள் கனகம். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அன்புக்கரசி படித்தாள். "காலையில் மறுபடியும் கொண்டுபோய் விடவேண்டும். அதனால் அழுதார்."

கனகம் மகளைப் பார்த்தாள். புவனா பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஆரு அம்மணி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"ஆரும் சொல்லுல. அவருக்குத் தெரியுமல்லம்மா."

கனகம் முந்தானையில் இல்லாத பஞ்சைத் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாக, "சரியாத்தானுங்க எழுதியிருக்குது," என்றாள். "ஆனாலும் டீச்சர்… பிராக்கெட்டு போட்டுக் குடுத்துருங்க."

இப்படி யாராவது கேட்டால் சொல்ல அன்புக்கரசியிடம் ஒரு பதில் இருந்தது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, அடித்துத் திருத்தி வைத்திருந்தாள். ஆனால் அந்தப் பதில் தோற்றால் காங்கேயம் பஸ்ஸில் ஏறப்போவது அவள் அல்ல. புவனாவின் புத்தகத்தைத் திறந்து பென்சிலை எடுத்தாள். 'பசு' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு குறி, 'அழுதார்' என்பதற்குப் பின்னால் ஒரு குறி, ஓரத்தில் கேள்வி எண் மூன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப நான் எழுதுனது தப்புங்களா டீச்சர்?"

"தப்பில்ல கண்ணு."

"அப்பறம்?"

"பரீட்சைக்கு இத எழுது."

புவனா டீச்சரின் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். "பசு திரும்பி வந்த மகிழ்ச்சியால் கந்தப்பன் அழுதார். பசு திரும்பி வந்த மகிழ்ச்சியால் கந்தப்பன் அழுதார்."

"வாரேனுங்க டீச்சர்," என்று கனகம் வெளியே போனாள். ஆனால் படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை. அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கனகம் நின்றிருந்தாள். உள்ளே மகள் சொல்லச் சொல்ல அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. 'பசு திரும்பி வந்த' என்பது வரைக்கும் வந்தன. அதற்குமேல் போகவில்லை.