தடுத்தவருக்கு வாக்கில்லை

டூங்கபியில் புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் கொன்றை மன்றத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. வழக்கமாகக் கை உயர்த்துவது வீட்டு ஆண். தலைவர் அரியரத்தினம் அங்கிளுக்கு எதிராக உயர்த்திப் பழகிய கை ஒன்றும் இல்லை. விதி போடுவதும் நடத்துவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்தான்.

போன வருடம் மன்றத்தின் யாப்பை, அதன் விதிப் புத்தகத்தை, திருத்தும் வேலை நிரூபாவின் தலையில் விழுந்தது. அவள் வரலாறு படிப்பிப்பவள். கூட்டத்தில் அமெரிக்காவின் கதையைச் சொன்னாள். அரசனை உதறியவர்கள் இன்னொரு அரசன் முளைத்துவிடுவானோ என்று பயந்தார்கள். சட்டம் இரு சபைகளின் கையில், நிர்வாகம் ஜனாதிபதியின் கையில், தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில் என்று பிரித்தார்கள். ஜனாதிபதி ஒரு சட்டத்தைத் தடுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்தத் தடை உடையும்.

தடுக்கும் அதிகாரம் அங்கிளுக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றில் இரண்டையும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார். தடுத்தவர் அந்த வாக்கெடுப்பில் கை உயர்த்தக் கூடாது என்று நிரூபா சேர்த்த வரியையும்.

இந்தக் கோடையில் விளையாட்டுக் குழு பெண்பிள்ளைகளின் கிரிக்கெட் அணியைப் போட்டியில் சேர்த்தது. அங்கிள் தடுத்தார். மைதானம் பெடியளுக்கே போதாது என்றார். அணியைப் பழக்கியவள் நிரூபா. பதிவு இன்றோடு முடிகிறது.

ஞாயிறு மாலை மண்டபத்தில் முப்பது குடும்பங்கள். தடையை உடைக்க இருபது கைகள் வேண்டும். நிரூபா எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான். பின்வரிசையில் பிள்ளைகள் மட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

முன்கதிரையில் ஒரு கை எழுந்தது. அங்கிளின் மனைவி கமலினி.

"கமலினி, கையைக் கீழ விடும்," என்றார் அங்கிள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு இண்டைக்கு வாக்கில்லை. வீட்டு வாக்கு என்னட்டை."

மண்டபம் நிரூபாவைப் பார்த்தது. அந்த வரியை எழுதும்போது குடும்ப வாக்கை அவள் நினைக்கவே இல்லை. யாப்பை எடுத்துப் பார்த்தாள். வாக்கு குடும்பத்துக்கு என்றுதான் இருந்தது, ஆண் என்று எங்கும் இல்லை. கமலினி அன்ரி சொல்வது சரி என்றாள்.

"அங்கிள், வீட்டிலை மூண்டிலை ரெண்டு எடுக்கிறது கஷ்டம்," என்றான் விளையாட்டுக் குழுவின் சுஜீதன். முதலில் சிரித்தது கமலினி.

முடிவை அறிவிப்பது தலைவரின் கடமை. அங்கிள் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"தடை உடைஞ்சுது. அணி விளையாடலாம்."

மட்டைகள் தரையை அடித்த சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. வெளியே இன்னும் வெயில் இருந்தது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். நிரூபா பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.